முப்புரி கண்ட மேதை ஜி. என். இராமச்சந்திரன்

1989ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது, வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் இராணிப்பேட்டையும் நமக்கு அயல் மாவட்டத்து ஊர்களாயின. மாவட்ட ஆட்சியரகம் அமைந்த இவ்வேங்கிக்காலில் வாழும் நமக்கு அவ்வூர்களோடு கொண்ட உறவு அதனால் அற்றுப்போய்விடவில்லை. அவற்றின் பெயரைக் கேட்டவுடன் தோல் மண்டியும், பதனிடும் தொட்டியும், ஆவாரம்பட்டைச் சாற்றின் நெடியும் நம் சமுதாயப் பெரியவர்களின் நினைவுக்கு வரும். பச்சைத் தோல் சில நாளில் அழுகும். பட்டைச் சாற்றில் ஊறிய தோலோ தலைமுறை கடந்தும் நிற்கும். இவ்வேறுபாட்டைக் கையால் தொட்டே உணர்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் அத்தோல் உள்ளே எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவர்களும் அறியார். 1950களின் தொடக்கம் வரை உலகில் எவரும் சரிவர அறிந்திலர்.

மயிரும் கொழுப்பும் நீரும் நீங்கிய தோலில் எஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்னும் ஒரு புரதமே. எலும்புக்கு உறுதி தருவதும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும், கண்ணின் முன்னுள்ள தெளிந்த படலமும் அதுவே. நம் உடலிலுள்ள புரதம் அனைத்திலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இக்கொலாஜன் என்பர். அதன் உருவமைப்பு இன்னதென முதன்முதல் கண்டு சொன்ன இடம் கேம்பிரிட்ஜும் அன்று, இலண்டனும் அன்று. சென்னைக் கிண்டியே அது. கண்டவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

தமிழ்த்துறை மலரில் இயற்பியல் அறிஞர் ஒருவருக்கு என்ன இடம் என்று மாணவர் சிலர் வினவக்கூடும். எழுத்தும் எழுத்தும் கூடும்போது எது இயலும், எது இயலாது என வரையறுப்பது இலக்கண நூலாரின் பணி. அணுவும் அணுவும் கூடும்போது எது இயலும், எது இயலாது என வரையறுத்தவர் இராமச்சந்திரன். அவரைப் பற்றி எழுதுதற்கு நமக்கு இவ்வொரு காரணமே போதும்.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்துகள் கோபாலசமுத்திரம் என்னும் ஊரையும், நாராயண ஐயர் என்னும் தந்தையாரையும் குறிப்பன. தாயார் இலட்சுமி அம்மாள். தந்தையார் எர்ணாகுளம் மகாராசர் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகத் திகழ்ந்தவர். கணிதம் வீட்டு மொழியாகவே புழங்கிய இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு எண்கள் அச்சம் தராதனவாயின.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப் படிப்பை 1942இல் முடித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறையில் சர் சி. வி. இராமன் இருந்தார். மின்பொறியியல் மாணவராக நுழைந்தவர் விரைவிலேயே இராமனின் துறைக்கு மாறிவிட்டார். இவ்வளவு கூரிய அறிவுடையவனை மின்பொறியியலில் விட்டுவைக்க இயலாது என்று இராமன் அத்துறைத் தலைவரிடம் சொல்லி அழைத்துக்கொண்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. இராமனின் இயல்பை அறிந்தவர்க்கு அது வியப்பளிக்காது.

பெங்களூரில் அவர் கைக்கொண்ட கருவி எக்ஸ் கதிர். படிகம் ஒன்றின் ஊடே அக்கதிரைச் செலுத்தினால், உள்ளே வரிசையாக நிற்கும் அணுக்களால் அது சிதறிப் படத்தட்டில் புள்ளிகளாக விழும். புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டு அணுக்கள் நிற்கும் நிலையைக் கணக்கிட்டு அறியலாம். நிழலைக் கண்டு பொருளை உணரும் கலை இது. 1944இல் முதுநிலைப் பட்டமும் 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்ற அவர், அதன்பின் இரண்டாண்டுகள் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டர் என்னும் அறிஞரின்கீழ் ஆய்ந்து 1949இல் மற்றுமொரு முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அங்கு அவருக்கு அமைந்தது. உயிர்ப்பொருள்களின் உருவமைப்பையும் அணுக்கணக்கால் காணலாம் என்ற எண்ணத்துக்கு அது வித்தாயிற்று எனலாம்.

கிண்டியில்

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். புதிதாக அமையவிருந்த இயற்பியல் துறைக்கு அவர் முதலில் நாடியது இராமனையே என்றும், இராமன் தம் மாணவரின் பெயரைச் சொல்லி அனுப்பினார் என்றும் கூறுவர். 1952இல் முப்பது வயதளவிலேயே இராமச்சந்திரன் கிண்டி வளாகத்தில் துறைத் தலைவரானார். கருவிகள் குறைவு, மாணவர்களும் சிலரே. எதை ஆய்வது என்பதே முதல் வினாவாக நின்றது.

அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் உருவமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதை உரையாடலில் சுட்டினார். பாலிங்கும் அவர்தம் உடனாய்வாளர் கோரியும் 1951இல் ஓர் உருவைச் சொல்லியிருந்தனர். அது எக்ஸ் கதிர்ப் படத்தோடு பொருந்தவில்லை. இராமச்சந்திரன் அதனைக் கையிலெடுத்தார். கிண்டிக்கு அருகிலேயே, அடையாற்றில், 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. வட ஆர்க்காட்டுத் தோல் தொழிலுக்கு உதவவென அமைந்த அந்நிலையத்தாரே அவருக்குக் கொலாஜன் இழைகளைத் தந்துதவினர். அவற்றுள் மிகத் தெளிவான படத்தைத் தந்தது கங்காருவின் வால் நரம்பிலிருந்து எடுத்த இழை. ஆஸ்திரேலிய விலங்கின் வால், அடையாற்றின் தோல் ஆய்வகம், கிண்டியின் எக்ஸ் கதிர்க் குழல் என இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியதை எண்ணினால் நமக்கு இன்றும் புன்முறுவல் தோன்றுகிறது.

அவர் கண்டதை விளங்கிக்கொள்ளப் புரதம் என்பது யாதென ஈண்டுச் சிறிது கூற வேண்டும். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு பட்டறை. எதைச் செய்ய வேண்டும் என்னும் மூல ஏடு உட்கருவில் டி.என்.ஏ. வடிவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஏடு வெளியே வருவதில்லை. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு படி எடுத்து அனுப்பப்படும். அப்படியைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சங்கிலியாக்குவது ரிபோசோம் என்னும் நுண்ணிய உறுப்பு. (அவ்வுறுப்பின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்.) தமிழுக்கு முதலெழுத்து முப்பது, புரத மொழிக்கு எழுத்து இருபது. அவ்விருபது வகை அமினோ அமிலங்களின் வரிசை மாற்றத்தாலேயே குருதிச் சிவப்பும், செரிமான நீரும், தோலும், மயிரும் வேறு வேறாகின்றன.

ஆனால் வரிசை மட்டும் போதாது. கோத்த சங்கிலி மடிந்தும் சுருண்டும் ஓர் உருவம் பெற்றால்தான் பணி செய்யும். எழுத்தைச் சரியாக அடுக்கிவிட்டால் வெண்பா ஆகிவிடுமா? சீரும் தளையும் அமைய வேண்டாவா? கொலாஜன் சங்கிலி எவ்வாறு சுருள்கிறது என்பதே இராமச்சந்திரன் முன் நின்ற வினா.

அவருக்குக் கிடைத்த துப்பு ஒன்று உண்டு. கொலாஜனைப் பகுத்துப் பார்த்த வேதியியலார், அதில் கிளைசின் என்னும் அமினோ அமிலம் மூன்றில் ஒரு பங்கு இருப்பதைக் கண்டிருந்தனர். இருபதிலும் மிகச் சிறியது கிளைசின். அதற்குப் பக்கக் கிளையே இல்லை. மூன்றில் ஒன்று என்றால், ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் தவறாமல் அது நிற்க வேண்டும் என்று அவர் கருதினார். எதற்காக? மூன்று சங்கிலிகள் அருகருகே முறுக்கிக்கொண்டு நின்றால், ஒவ்வொரு சங்கிலியின் மூன்றாம் அமிலமும் நடுவச்சை நோக்கி உள்ளே திரும்பும். நடுவில் இடம் மிகக் குறுகியது. பக்கக் கிளையற்ற கிளைசினைத் தவிர வேறெதுவும் அங்கு நுழைய இயலாது.

இவ்வாறு பிறந்ததே முப்புரிச் சுருள். இராமச்சந்திரனும் உடனாய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதனை நேச்சர் இதழில் வெளியிட்டனர். மறு ஆண்டு செப்டம்பரில் அதனைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒரு பொது அச்சைச் சுற்றி மெல்ல முறுகுவதாகக் காட்டினர். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். புரிகளை ஒரு பக்கமாக முறுக்கிப் பின் அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவர்; அப்போதுதான் கயிறு பிரியாது நிற்கும். கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுகுகின்றன.

குறை சொல்லப்பட்ட உரு

1953இல் டி.என்.ஏ.வின் ஈரிழைச் சுருளை வாட்சனோடு சேர்ந்து கண்டு புகழ் பெற்ற பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் இணைந்து 1955ஆம் ஆண்டின் இறுதியில் கொலாஜன் பற்றி எழுதினார். சென்னையின் முப்புரிக் கொள்கையை அவர்கள் ஏற்றனர். ஆனால் சென்னை உருவில் அணுக்கள் சில ஒன்றையொன்று நெருங்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று குறை கூறினர். மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் எனச் சென்னையார் கூறியிருக்க, ஒன்றே இருக்க இயலும் என்றனர். இலண்டன் குழு ஒன்றும் அவ்வாண்டே இதனையொத்த கருத்தை வெளியிட்டது.

கேவண்டிஷின் புகழ் ஒரு பக்கம். தொடங்கி மூன்றாண்டே ஆன கிண்டித் துறை மறுபக்கம். உலக நூல்கள் பலவற்றில் முப்புரிச் சுருள் பிறர் பெயரோடு வழங்கலாயிற்று. நம் மாணவரைக் கேட்டால் கிரிக்கின் பெயரை உடனே சொல்வர். இராமச்சந்திரனின் பெயரைச் சொல்வோர் சிலரே. இது நமக்கு வருத்தம் தருவதே. எனினும் நடுவுநிலையோடு கூறுவதானால், இரண்டாம் பிணைப்பைப் பற்றிய மறுப்பு பின்னாளில் சரியென்றே தேறியது. 1994இல் கொலாஜன் போன்ற சிறு சங்கிலி ஒன்றைப் படிகமாக்கி ஆய்ந்தபோது முப்புரிச் சுருள் ஐயமற நிறுவப்பட்டது. நேரடிப் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றே எனவும் காணப்பட்டது. முப்புரி என்னும் அடிப்படைக் கண்டுபிடிப்பு சென்னைக்கு உரியது. அதனைச் செப்பஞ்செய்த பெருமையில் பிறர்க்கும் பங்கு உண்டு.

இராமச்சந்திரனின் பெருமையைக் காண விரும்புவோர் அவர் அக்குறையை எதிர்கொண்ட வகையைப் பார்க்க வேண்டும். அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன என்கிறார்கள். எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் வரையறுத்தது? இவ்வினாவைத் தமக்குத்தாமே கேட்டுக்கொண்ட அவர், அதுவரை உருவமைப்பு அறியப்பட்டிருந்த படிகங்கள் பற்றிய ஏடுகளையெல்லாம் தேடியெடுத்தார். கார்பனும் கார்பனும், கார்பனும் ஆக்சிஜனும், நைட்ரஜனும் ஹைட்ரஜனும் எவ்வளவு தொலைவில் நிற்கக் காணப்பட்டன என்று மாணவர்களோடு அட்டவணையிட்டார். பொதுவாகக் கருதப்பட்டதினும் குறைந்த இடைவெளிகள் இயற்கையில் உண்டு என்பது தெரிந்தது. வழக்கமான எல்லை ஒன்று, அரிதாக அனுமதிக்கப்படும் எல்லை ஒன்று என இரண்டை வகுத்தார்.

எல்லை கிடைத்தபின் அடுத்த வினா தானே எழுந்தது. கொலாஜனுக்கு மட்டுமன்று, எந்தப் புரதச் சங்கிலிக்கும் எந்தெந்த மடிப்பு இயலும்? புரதச் சங்கிலியில் இரு அமிலங்களை இணைக்கும் பிணைப்பு தட்டையானது, திரும்பாது. ஒவ்வோர் அமிலத்தின் நடுக் கார்பனுக்கு இருபுறமும் உள்ள இரு மூட்டுகளே சுழலக்கூடியன. அச்சுழற்சிக் கோணங்களுக்கு ஃபை, சை எனக் கிரேக்க எழுத்துகளால் பெயர். ஆகவே சங்கிலி எவ்வளவு நீண்டதாயினும், ஓர் அமிலத்துக்கு இரண்டு எண்கள் தெரிந்தால் அதன் முதுகெலும்பை வரைந்துவிடலாம். ஃபையைக் கிடையாகவும் சையை நெடுக்காகவும் வைத்து ஒரு கட்டம் வரைக. ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்கள் மோதுகின்றனவா எனக் கணக்கிடுக. மோதும் இடத்தை விலக்குக. மோதாத இடத்தை ஏற்க. செய்தி இவ்வளவே. ஆனால் கணிப்பொறி கைக்கெட்டாத அந்நாளில், மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டவர்களின் பொறுமையை என்னென்பது!

இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் அவ்வரைபடத்தை வெளியிட்டனர். கட்டுரை ஐந்து பக்கமே. கட்டத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ முக்கால் பங்கு, விலக்கப்பட்ட நிலமாக இருந்தது. எஞ்சிய சிறு தீவுகளில் ஒன்றில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் அமைந்திருந்தது; மற்றொன்றில் விரிந்த மடிப்புகளும் கொலாஜன் சங்கிலியும் அமைந்திருந்தன. கிளைசினுக்கு மட்டும் நிலம் அகன்றிருந்தது. பக்கக் கிளையில்லாததால் அதற்கு மோதல் குறைவு. சான்றாகக் காட்டத்தக்க புரத உருவங்கள் அந்நாளில் மிகச் சிலவே. அதன்பின் ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்ட புரதங்களின் கோணங்கள் அத்தீவுகளுக்குள்ளேயே பெரும்பாலும் சென்று விழுந்தன. எந்த ஆய்வாளரும் ஒரு புரத உருவை வெளியிடுமுன் இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுச் சரிபார்த்தல் வழக்கமாயிற்று. உலகப் புரதத் தரவகத்தில் சேர்க்கப்பட்ட உருவங்கள் 2023ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்தைக் கடந்தன. கிண்டியில் வரைந்த கட்டம் அவற்றுக்கு உரைகல்லாக நிற்கிறது.

உயிரணுவின் புணர்ச்சி விதிகள்

கொலாஜன் ஒரு கயிறு என்று சொல்லிவிட்டோம். உயிரணு அக்கயிற்றைத் திரிக்கும் முறை இன்னும் வியப்புக்குரியது. இராமச்சந்திரனின் பிற்காலப் பணியொன்றும் அதனைத் தொடுகிறது.

நன்னூல் பயிலும் மாணவர் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களை அறிவர். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடியாகும்போது ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடமாகும்போது ஓர் எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் மரவேராகும்போது ஓர் எழுத்துக் கெடுகிறது. உயிரணுவும் தான் கோத்த புரதத்தை அவ்வாறே விகாரப்படுத்துகிறது. ரிபோசோம் கோத்த கொலாஜன் சங்கிலியின் தலைப்பில் சில அமிலங்கள் முகவரிச் சீட்டுப்போல அமைந்துள்ளன. அச்சீட்டைக் கண்டு சங்கிலி எண்டோபிளாச வலையின் உள்ளறைக்குள் செலுத்தப்படுகிறது. உள்ளே சென்றதும் சீட்டு வெட்டி எறியப்படும். இது கெடுதல். முகவரி பற்றிய இவ்வுண்மையைக் கண்ட குந்தர் புளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

உள்ளறையில் புரோலின் என்னும் அமிலங்கள் பலவற்றின்மீது ஓர் ஆக்சிஜன் புதிதாக ஏற்றப்படுகிறது. ஹைட்ராக்சி புரோலின் உண்டாகிறது. இது தோன்றல். இதனைச் செய்யும் நொதி இரும்பைக் கொண்டது. அவ்விரும்பு செயலிழவாதிருக்க வைட்டமின் சி வேண்டும். நெல்லியும் கொய்யாவும் எலுமிச்சையும் உண்ணாது பல மாதம் கடலில் கிடந்த பழைய மாலுமிகளுக்கு ஈறு வீங்கிப் பல் உதிர்ந்ததும், ஆறிய புண் மீண்டும் வாய் திறந்ததும் இதனால்தான். அவர்கள் உடல் கொலாஜனைக் கோக்கத் தவறவில்லை. கோத்ததை விகாரப்படுத்தத் தவறியது. ஹைட்ராக்சி புரோலின் இல்லாத முப்புரி ஏறத்தாழ 24 டிகிரி வெப்பத்திலேயே பிரிந்துவிடும் என 1973இல் கண்டறியப்பட்டது. மனித உடலின் வெப்பமோ 37 டிகிரி.

ஓர் ஆக்சிஜன் அணு ஏறியதால் கயிறு எங்ஙனம் உறுதி பெறுகிறது? அதே 1973இல் இராமச்சந்திரன், மஞ்சு பன்சால், பட்நாகர் ஆகியோர் ஒரு விளக்கம் தந்தனர். அவ்வாக்சிஜன் ஒரு நீர் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, அதன் வழியே சங்கிலியோடு பாலம் அமைக்கிறது என்றனர். இருபதாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட இரண்டாம் பிணைப்பின் இடத்தில் நீரால் ஆன பிணைப்பு வந்து நின்றது என நாம் கொள்ளலாம். 1994ஆம் ஆண்டுப் படிகத்தில் முப்புரியைச் சூழ்ந்து நீர் மூலக்கூறுகள் வலைபோல் அமைந்திருக்கக் காணப்பட்டது. எனினும் 1990களின் பிற்பகுதியில் வேறு அறிஞர்கள், ஆக்சிஜனின் மின்னீர்ப்பு புரோலின் வளையத்தை உரிய வடிவில் நிறுத்துவதே உறுதிக்கு முதன்மையான காரணம் எனச் சோதனையால் காட்டினர். நீர்ப்பாலம் உண்டு, ஆனால் உறுதியின் பெரும்பகுதி அதனால் வருவதன்று என்பதே இன்றைய கருத்து.

சங்கிலிகள் மூன்றும் ஒரு முனையில் கூடி, அங்கிருந்து மறுமுனை நோக்கி முறுகிச் செல்லும். முறுகிய கயிறு அடுத்துச் செல்ல வேண்டிய இடம் கோல்கை உறுப்பு. அதன்பின் உயிரணுவுக்கு வெளியே. புரதங்கள் இவ்வழியே செல்வதை முதலில் காட்டிய ஜார்ஜ் பலாடே 1974இலும், சிறு பைகளில் ஏற்றி அவை அனுப்பப்படும் முறையை விளக்கிய ஷெக்மன், ராத்மன், சூடாஃப் ஆகியோர் 2013இலும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் கொலாஜன் இங்கேயும் ஒரு சிக்கல் செய்கிறது. வழக்கமான பையின் விட்டம் 60 முதல் 90 நானோமீட்டர். முறுகிய கொலாஜனோ 300 நானோமீட்டர் நீளமுள்ள விறைத்த கோல். கூடையில் மூங்கிற் கழியை ஏற்றுவது எங்ஙனம்? 2009இல் டேங்கோ-1 என்னும் புரதம் கண்டறியப்பட்டது. கொலாஜனை உள்ளிருந்து பற்றிக்கொண்டு, வாயில் பெரிதாகும்வரை பையை மூடவொட்டாமல் தடுப்பது அது. இப்பயணத்தின் நுட்பங்கள் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன.

வெளியே வந்தபின் இருமுனைகளிலும் உள்ள தளர்ந்த பகுதிகள் வெட்டப்படும்; இது மற்றுமொரு கெடுதல். பின் லைசின் என்னும் அமிலங்கள் சில திரிந்து, அடுத்துள்ள கயிற்றோடு பிணைந்து இறுகும். தோல் தொட்டியில் ஆவாரம்பட்டை செய்யும் பணியை உடல் தானே ஓரளவு செய்துகொள்கிறது எனலாம். இவ்வளவு ஒழுங்கிலும் ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் வேறு பெரிய அமிலம் புகுந்துவிட்டால் முப்புரி அங்கே தடுமாறும். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் பெரும்பாலும் அவ்வாறு வருவதே. நடுவில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை என்று 1954இல் கிண்டியில் சொன்னதற்கு நோயாளியின் எலும்பே சான்றாயிற்று.

பிற்காலம்

1961இல் பட்நாகர் பரிசும் 1977இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்புரிமையும் இராமச்சந்திரனைத் தேடி வந்தன. முதலியார் 1969இல் துணைவேந்தர் பொறுப்பிலிருந்து விலகிய பின், 1970இல் அவர் சென்னையை விட்டு நீங்கினார். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சில காலம் பணியாற்றினார். பெங்களூரில் தம் பழைய நிறுவனத்திலேயே மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவை 1971இல் தொடங்கினார். அவ்வாண்டே ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் எழுதிய ஒரு கட்டுரை, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உடலின் உட்பகுதியைத் திரும்பக் கட்டியெழுப்பும் விரைவான கணித முறையைத் தந்தது. மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் எவரும் அம்முறையின் பயனைப் பெற்றவரே. அக்கருவிக்கான நோபல் பரிசு 1979இல் கார்மக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவர்க்கும் வழங்கப்பட்டது.

இறுதி ஆண்டுகளில் அவர் நாட்டம் தருக்க நூலின்பால் திரும்பியது. பழைய இந்தியத் தருக்க முறைகளைக் கணிதக் குறியீட்டில் எழுத முயன்றார். அப்பணி அறிவுலகில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அதில் அவர்க்கிருந்த ஆர்வமோ குறையவில்லை. 1945இல் மணந்த துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். அதற்கு முன்பே நடுக்குவாத நோய் அவரைப் பற்றியிருந்தது. 1999இல் உலகப் படிகவியல் ஒன்றியம் ஈவால்டு பரிசை வழங்கியபோது கையும் காலும் அவர் வசப்படவில்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில், தம் எழுபத்தெட்டாம் வயதில் இயற்கை எய்தினார்.